டெல்னாவின் கயிற்றுப் பெட்டி

பொழியூர்க் கரையில் தூண்டல் போட்டுப் பிழைக்கும் நார்பர்ட்டுக்கு விரல் ரேகை கிடையாது. ரேஷன் கடை இயந்திரம் அப்படித்தான் சொன்னது. அந்தச் சின்னக் கண்ணாடிமேல் அவர் பெருவிரலை வைப்பார். இது இவர் இல்லை என்று இயந்திரம் கூவும். இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டு வைப்பார், மறுபடியும் கூவும். நாற்பது வருஷமாக நைலான் கயிறு ஓடி ஓடித் தேய்ந்துபோன விரல் அது. வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். கடைசியில் மகள் டெல்னா உதியன்குளங்கரையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து, தன் விரலை வைத்து அரிசி வாங்கிக் கொடுப்பாள்.

ஒருமுறை அவள் வந்து சேர்ந்தபோது அவர் சிரிக்கவில்லை. கடை வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எனக்க வெரலு எனக்குள்ளது இல்லியாம் மக்கா. பின்ன ஆருக்குள்ளதாக்கும்?"

டெல்னாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பாமேல் இல்லை, கடைக்காரர்மேலும் இல்லை. எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து அந்த இயந்திரத்தைச் செய்தவன்மேல். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் தன் விரல் மாதிரியே மெத்தென்ற விரல் இருக்கும் என்று அவன் எப்படி நினைத்தான்? திரும்பிப் போகும் பஸ் முழுக்க முகம் தெரியாத அந்த ஆளை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். அவள் சுபாவம் அது. யாரையாவது ஒரு இயந்திரம் அவமானப்படுத்திவிட்டால் தனக்கே நேர்ந்ததுபோல எடுத்துக்கொள்வாள்.

நெய்யாற்றின்கரையில் பாலிடெக்னிக் படித்தவள். உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஜெயச்சந்திரன் என்பவர் நடத்தும் ரிப்பேர் கடையில் ஒன்பது வருஷமாக வேலை. மிக்ஸி, இன்வெர்ட்டர், போன் எல்லாம் வரும். வரும் பொருளைவிட அதைக் கொண்டுவரும் ஆளின் கையைத்தான் அவள் அதிகம் பார்ப்பாள். அம்பூரியிலிருந்து சதாசிவன் என்ற ரப்பர் வெட்டுக்காரர் ஒரு போனைக் கொண்டுவந்து, பால் ஒட்டிய விரலுக்கு இந்தச் சனியன் அசைய மாட்டேன் என்கிறது என்று அழாத குறையாகச் சொன்னார். போனில் ஒரு கோளாறும் இல்லை. டெல்னா அவர் நெற்றியில் கட்டும் டார்ச் பட்டையில் குட்டியாக ஒரு சுவிட்சைத் தைத்துக் கொடுத்தாள். மணி அடித்தால் புருவத்தை ஒருமுறை தூக்கினால் போதும், போன் பேசத் தொடங்கிவிடும். பெண்டாட்டி கூப்பிடும்போதெல்லாம் மரத்தடியில் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று சதாசிவன் குறைபட்டார், ஆனால் கழற்றவில்லை. காது கேளாத ஒரு தையல்காரிக்கு, வாசலில் ஆள் வந்தால் உட்கார்ந்திருக்கும் ஸ்டூல் லேசாக அதிரும்படி செய்து கொடுத்தாள்.

"ஊரில உள்ளவன் பட்டன் வைக்கான். நீ வைச்ச பட்டனப் பிடுங்குத," என்பார் ஜெயச்சந்திரன்.

"வெரல மாத்த முடியாது அண்ணே. பட்டனத்தான் மாத்தணும்."

நார்பர்ட் தனியாகக் கடலுக்குப் போகிறவர். சின்ன பைபர் வள்ளம், பின்னால் ஒரு எஞ்சின், அவ்வளவுதான். கரையிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு பாரு உண்டு, கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. அங்கே நங்கூரம் போட்டு, கலவா மீனுக்குத் தூண்டல் விடுவார். போனைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நனைந்த விரலுக்கு அது மசியவில்லை. அம்மா பெர்த்தா கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள், அவர் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். பதினொன்றுக்குமேல் ஆகிவிட்டால் பெர்த்தா அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்குப் போய் நின்றுவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த நிற்பு உண்டு.

டெல்னா பெரிய பட்டன் வைத்துப் பார்த்தாள். ஒரு மாதத்தில் உப்பு தின்றுவிட்டது. பேசினால் கேட்கும்படி செய்து பார்த்தாள். எஞ்சின் சத்தத்தில் அது அப்பாவின் பேச்சுக்குத் தன்னிஷ்டத்துக்கு அர்த்தம் எடுத்துக்கொண்டது. கடைசியில் ஒரு சனிக்கிழமை அப்பாவோடு வள்ளத்தில் ஏறிப் போனாள். நாலு தடவை வாந்தி எடுத்தாள். ஆனாலும் ஒன்று கண்டாள். தூண்டல் கயிறு விரல்மேல் கிடக்க, அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "இது கல்லு. இது தண்ணி ஓடுத ஒழுக்கு. இப்பம் வந்தது கலவா, சின்னது, வேண்டாம்." கயிற்றில் வரும் ஒவ்வொரு வெட்டும் அவருக்கு வார்த்தை. கடலில் நடக்கிற சங்கதி எல்லாம் இந்த மனிதருக்குக் கயிறு வழியாக வருகிறது, வீட்டுச் சங்கதி மட்டும் ஏன் கண்ணாடி வழியாக வர வேண்டும் என்று டெல்னா நினைத்தாள். வாந்திக்கு நடுவிலும் சந்தோஷமாக இருந்தது.

அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பெட்டி. வள்ளத்தின் முன்பலகையில் ஒன்று, வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒன்று, நடுவில் சேதியை வாங்கிக் கொடுக்க சர்ச் மணிக்கூண்டில் பங்குச் சாமியாரான அச்சன் அனுமதித்த ஒரு ஆண்டெனா. பெட்டியிலிருந்து ஒரு முழக் கயிறு தொங்கும். கடலில் நார்பர்ட் இழுத்தால் சமையலறைக் கயிறு துள்ளும். ஒரு இழுப்பு என்றால் நலமாக இருக்கிறேன். பெர்த்தா திரும்ப இழுத்தால் அவர் கயிறு துள்ளும். மூன்று இழுப்பு என்றால் திரும்பி வா. பாட்டரி தீர்ந்துவிடாமலிருக்க, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சேதிக்குமேல் வள்ளத்துப் பெட்டி அனுப்பாது.

இத்தனையிலும் டெல்னா பெருமைப்பட்டது வேறொன்றுக்கு. தண்ணீரில் விழுந்துவிட்டவனால் கயிற்றை இழுக்க முடியாது. ஆகையால் சேதி வராமல் இருப்பதுதான் அபாயச் சேதி. ஒரு மணி நேரம் இழுப்பு வரவில்லையானால் வீட்டில் மணி அடிக்கும், பெர்த்தா கரைக்கு ஓட வேண்டும், பத்து மணிக்குள் கரை பிடித்துவிடும் மற்ற வள்ளக்காரர்கள் தேடிப் புறப்பட வேண்டும். பெரிய கம்பெனிக்காரனுக்கெல்லாம் தோன்றாத யோசனை இது என்று ஜெயச்சந்திரன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். டெல்னா வேண்டாம் அண்ணே என்பாள், ஆனால் முகம் மலர்ந்துதான் இருக்கும்.

ஏழு மாதம் அந்தக் கயிறு வேலை செய்தது. நார்பர்ட் அதைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்குப் பத்தோ பதினைந்தோ தடவை இழுப்பார். பாரு எட்டியதும் ஒன்று, பழஞ்சோறு உண்ணும்போது ஒன்று, நல்ல மீன் பட்டால் ஒன்று. மாவரைத்த கையோடு பெர்த்தா பதில் இழுப்பாள். சண்டை போட்ட நாட்களில் பதில் சொல்ல மாட்டாள். அவர் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பார், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"முப்பத்திமூணு வருசத்தில கடலில இருந்து எனக்கு ஒரு வாக்கு வாறது இப்பமாக்கும்," என்று ஒருநாள் மகளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை. வெயில் சுள்ளென்று அடித்தது, காற்றே இல்லை. அப்படிப்பட்ட நாளில்தான் கள்ளக்கடல் வரும். எங்கேயோ தூரத்துப் புயலின் அலை, இங்கே இலைகூட அசையாதபோது கடலை உள்ளிருந்து பொங்கவைக்கும். பதினொரு மணிக்கு டெல்னாவின் போனில் எச்சரிக்கை வந்தது. உடனே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஒங்கப்பாக்கு ஒண்ணும் இல்ல மக்கா. காலம்பற இருந்து நிறுத்தாம இழுத்திட்டிருக்காரு. கெட்டின புதுசிலகூட இவ்வளவு பிரியம் கண்டதில்ல." பெர்த்தாவின் குரலில் சிரிப்பு இருந்தது. "நானும் விடல்ல. ஒண்ணு ஒண்ணுக்கும் பதில் இழுத்திட்டுத்தான் இருக்கேன்."

"மூணு இழு அம்மா. திரும்பி வரச் சொல்லு."

போனைக் கையில் வைத்துக்கொண்டே பெர்த்தா மூன்று இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு இழுப்பு வந்தது. நலமாக இருக்கிறேன். மறுபடியும் மூன்று இழுத்தாள். மறுபடியும் ஒன்று.

"மீனு நல்லா படுது போல. விட்டுட்டு வாறதுக்கு மனசில்ல," என்றாள். டெல்னாவும் அப்படித்தான் நினைத்தாள். பிடிவாதக்கார மனிதர் என்று அலுத்துக்கொண்டு, பிரித்துப்போட்ட ஒரு இன்வெர்ட்டருக்குத் திரும்பினாள். அந்த அலுப்பை நினைத்து அவள் பின்னால் அழுத அழுகை கொஞ்சமில்லை.

இரண்டு மணிக்கு இழுப்பு நின்றது. மூன்றுக்கு மணி அடித்தது. பெர்த்தா ஓடினாள். அலை வீடுகள்வரை ஏறிக்கொண்டிருந்ததால் வள்ளம் இறக்க நாலு மணியாயிற்று. பெர்த்தாவின் அண்ணன் மகன் மெல்பின்தான் முதலில் போனான். நார்பர்ட்டின் வள்ளம் பாருக்குமேல் அதே இடத்தில், நங்கூரம் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பழஞ்சோற்றுத் தூக்கு மூடிகூடத் திறக்காமல் இருந்தது. ஆள் இல்லை. மூன்றாம் நாள் தேங்காப்பட்டணம் பக்கம் உடல் ஒதுங்கியது.

அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பெர்த்தா ஒன்றையே சொன்னாள். "ரெண்டு மணி வரைக்கும் எனக்கிட்டப் பேசிட்டிருந்தாரு. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிட்டிருந்தாரு. கண்ணடைக்குத வரைக்கும் நான் கூட இருந்தேன்." கடலில் கணவனைக் கொடுத்த பெண்கள் அந்தக் கரையில் நிறைய உண்டு. அவர்கள் யாருக்கும் அப்படி ஒரு கடைசிப் பேச்சு வாய்த்ததில்லை. பெர்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ பாக்கியம் செய்தவள் என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள், கஞ்சி குடித்தாள், ஏழாம் நாளும் நாற்பத்தொன்றாம் நாளும் பிரார்த்தனைக்கு முன்வரிசையில் முட்டுக்குத்தினாள்.

நாற்பத்தொன்றாம் நாள் கழிந்ததும் பங்கு அச்சன் டெல்னாவைக் கூப்பிட்டுவிட்டார். தனியாகக் கடலுக்குப் போகிற நாற்பது பேருக்கும் அதே பெட்டி வேண்டும், அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஹாலில் வள்ளக்காரர்களை உட்கார வைத்து விளக்கிச் சொல் என்றார். பாட்டரி எத்தனை நாள் நிற்கும் என்று பார்ப்பதற்காக டெல்னா கடையில் லேப்டாப்பைத் திறந்தாள். வந்த இழுப்பு, போன இழுப்பு எல்லாம் நேரத்தோடு அதில் பதிந்திருக்கும். அந்தத் திங்கட்கிழமையை அவள் அதுவரை திறக்கவில்லை.

காலையில் ஆறு பத்து. ஆறு ஐம்பத்தேழு. ஏழு இருபத்திரண்டு. அப்பா இழுத்தது. எட்டு மணிக்குமேல் இரண்டு, ஒன்பதுக்கு ஒன்று. ஒன்பது நாற்பதுக்கு ஒன்று. அதற்கப்புறம் ஒன்பது நாற்பத்தைந்து, ஒன்பது ஐம்பது, ஒன்பது ஐம்பத்தைந்து, பத்து, பத்து ஐந்து. இரண்டு மணிவரை ஒரு நிமிஷம் பிசகாமல் ஐந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. எண்ணினாள். ஐம்பத்திரண்டு.

எந்த மனிதனும் அப்படி இழுக்க மாட்டான். பெட்டிக்கு அவள் வைத்த ஐந்து நிமிஷ வரம்பு அது. வரம்பு முடிந்த நொடியே அடுத்த இழுப்பு தயாராக நின்றிருக்கிறது. அப்படியானால் கயிற்றை ஏதோ ஒன்று ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மெல்பின் வள்ளத்திலிருந்து கழற்றிக் கொடுத்த பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதை இழுத்து எடுத்தாள். பெட்டிப் பக்கத்தில் கயிறு அறுந்திருந்தது. மறுமுனையில் அப்பா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது, மெல்பின் வெட்டியெடுத்த ஒரு துண்டு நங்கூரக் கயிற்றோடு. அப்போது புரிந்தது. எழுந்து நடமாட வேண்டியிருக்கும்போது அப்பா கால்விரலிலிருந்து கழற்றி அதை நங்கூரக் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறார். வள்ளத்துக்குள் ஒரு கயிற்று முனை அவிழ்ந்து கிடக்க எந்தக் கடல்காரனும் விடமாட்டான். காலில் சுற்றினால் ஆள் தண்ணீருக்குள். அமைதியான நாளில் நங்கூரக் கயிறு மெதுவாகத்தான் அசையும், பெட்டிக்கு உறைக்காது. அன்று ஒவ்வொரு பொங்கலுக்கும் வள்ளம் தூக்கி, நங்கூரக் கயிறு விறைத்து, பெட்டியை வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது, இரண்டு மணிக்குப் பெட்டிக் கயிறு அறும்வரை. ஒன்பது நாற்பதுக்குப் பிறகு எழுந்த மனிதர் எப்போதோ தவறி விழுந்திருக்கிறார். நான் நலமாக இருக்கிறேன் என்று நாலு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தது கடல்.

பத்து நாற்பதுக்கு மணி அடித்திருக்க வேண்டும். அந்நேரம் மெல்பினும் மற்றவர்களும் கரையில்தான் இருந்தார்கள். அலையும் அப்போது அவ்வளவு ஏறவில்லை. அரை மணி நேர ஓட்டம். அப்பா நன்றாக நீந்துவார். பிடித்திருக்கலாம், பிடிக்க முடியாமலும் போயிருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் டெல்னா கிடந்து உழன்றாள். ரேஷன் கடை இயந்திரத்தைச் செய்தவனைத் திட்டியது நினைவுக்கு வந்தது. அவன் அப்பாவின் விரலைப் பார்க்கவில்லை. அவள் விரலைப் பார்த்தாள், கயிற்றைக் காலில் கட்டியதைப் பார்த்தாள், கழற்றியபின் எங்கே கட்டுவார் என்று கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்காது. மூச்சு விடுவதை யார் சொல்வார்கள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலேயே சரிசெய்ய முடியும் என்று தோன்றியது. நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு என்று சேர்ந்து வந்தால்தான் இழுப்பு என்று மாற்றிவிட்டால் அலைக்கு அது வராது. கட்டாதீர்கள் என்று வள்ளக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அம்மாவிடம் இருக்கும் அந்த இரண்டு மணிவரைப் பேச்சு அவளிடமே இருக்கட்டும். நாலு நாள் அப்படி நினைத்துத் தேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் பெர்த்தா கறுப்புச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். டெல்னா புது இழுப்பைக் காட்டினாள். நீளம் ஒன்று, குட்டி இரண்டு. ஆண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"மீனு வலிக்குத நேரத்தில இதையெல்லாம் ஆரு எண்ணிட்டிருப்பா?" என்றார் ஒருவர். "பழையதுபோல ஒத்த இழுப்பு போதும்."

"செரி, எப்பிடி இழுத்தாலும் கயிற எங்கயும் கெட்டக்கூடாது," என்றாள் டெல்னா.

மெல்பின் எழுந்தான். "கெட்டாம எப்பிடி அக்கா? வள்ளத்தில கயிறு அவுந்து கெடக்கலாமா? மாமா கெட்டினதுபோல நங்கூரக் கயிற்றிலதான் நானும் கெட்டுவேன்."

ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. அச்சன் டெல்னாவைப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் முதல் பெஞ்சிலிருந்து அம்மா பேசினாள். சபையில் பேசிப் பழக்கமில்லாதவள், அன்றைக்குத் தலை நிமிர்ந்து பேசினாள்.

"கெட்டட்டும் மக்கா. ஒங்கப்பா கெட்டினதுனாலத்தானே ரெண்டு மணி வரைக்கும் எனக்கிட்டப் பேச முடிஞ்சுது. பழையதையே செய்து குடு. எல்லா வீட்டிலயும் பெண்டுவ அதுபோல கேக்கட்டு."

நாற்பது தலைகள் அசைந்தன. இந்த நாற்பது பேரும் நங்கூரக் கயிற்றில் கட்டப்போகிறார்கள். நாற்பது வீட்டில் மணி அடிக்காமல் இருக்கப்போகிறது. இதை வீட்டில், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தைத் தானே கைவிட்டுவிட்டதை அவள் அறிந்தாள்.

"அது அப்பா இல்ல அம்மா," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது நாற்பது. ஐந்து ஐந்து நிமிஷம். நங்கூரக் கயிறு. ஐம்பத்திரண்டு. பிழை தன்னுடையது என்றும் சொன்னாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. மெல்பின் மெதுவாக உட்கார்ந்தான்.

பெர்த்தா மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பம் நான் ஆருக்காக்கும் மக்கா பதில் சொல்லிட்டிருந்தேன்?"

பெர்த்தா முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, யார் துணையும் வேண்டாமென்று கையை அசைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

நாற்பது பெட்டிகளும் புது முறையில்தான் தயாராயின. வள்ளக்காரர்கள் ஒரு எதிர்ப்பும் சொல்லாமல் இழுக்கப் பழகிக்கொண்டார்கள். ஜெயச்சந்திரன் வேறு வேலைகளை ஒதுக்கிவைத்துக் கூட உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தார். வீட்டில் அம்மா பேசவில்லை. சோறு வைப்பாள், குளிக்க வெந்நீர் எடுத்து வைப்பாள், கண்ணைப் பார்க்க மாட்டாள். சமையலறைச் சுவரில் பெட்டியிருந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டிவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் டெல்னா வேலைக்குப் போகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஒம்பது நாப்பதுக்கு இழுத்தது அவரு தானே?"

"ஆமாம்மா. அது அப்பா தான்."

"அதுக்கு நான் பதில் இழுத்தேனா?" பெர்த்தா திரும்பாமலேயே கேட்டாள். "அந்நேரம் பைப்பில தண்ணி வந்துதுன்னு குடமும் கொண்டு போனேனோன்னு ஒரு சம்சயம். எனக்கு ஓர்மை இல்ல. நீ எழுதி வச்சிருக்கது இருக்குல்லா, பாத்துச் சொல்லு."

பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் டெல்னாவுக்கு மனப்பாடம். ஒன்பது நாற்பது, கடலிலிருந்து ஒன்று. அதற்கு நேரே வீட்டுப் பக்கம் காலி. அம்மாவின் கயிறு அன்று அடுத்துப் பேசியது ஒன்பது நாற்பத்தாறுக்கு, கடலின் முதல் இழுப்புக்கு.

டெல்னா பையைக் கீழே வைத்து, லேப்டாப்பை வெளியே எடுத்துத் திறந்தாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"இழுத்திய அம்மா. ஒடனே இழுத்திருக்கிய."

பெர்த்தா தலையை ஆட்டினாள். கொதிக்கும் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, போய்ட்டு வா என்றாள்.